மூன்றாவது ரொட்டி

எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, ஐயா. மக்காச்சோள மாவு ஆலையில் பதினெட்டு வருஷம் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் நான். லாரியில் மூட்டை ஏறும்போது ஒரு தடவை எண்ணுவேன், தார்ப்பாய் கட்டும் முன்னால் இன்னொரு தடவை எண்ணுவேன். டிரைவர்கள் கேலி செய்வார்கள். "தோத்ராஸ் அண்ணே, ஒன் கல்யாணத்துல பொண்ணையும் ரெண்டு தடவ எண்ணுனியா?" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே எண்ணுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிற தாளை வாசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. கதவை மூடியது நான்தான். சக்கரத்தைத் திருகியது நான்தான். அறுபத்தொரு மணி நேரம் என்பதும் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் இந்த மலைப்பக்கத்துக்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தட்டச்சு செய்கிற அம்மா வடக்கிலிருந்து வந்தவர் போலத் தெரிகிறது. அவருக்காக எங்கள் வழக்கங்களைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் ஒன்றாம் தேதி, எங்கள் ஊர் தார்க்தோனில் பள்ளிக்கூடம் திறக்கிற நாள். அன்று காலையிலிருந்தே மழை. விழாவை முற்றத்தில் வைக்காமல் உள்ளே விளையாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். இடம் போதாது, முதல் வகுப்பும் கடைசி வகுப்பும் மட்டும் வரட்டும் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. இரண்டு வகுப்பும் சேர்த்து நூற்றுப் பதினான்கு பிள்ளைகள். ஆசிரியர்களோடு நூற்று முப்பது.

தாளில் அந்த எண் சரிதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை முதல் நாள் பள்ளிக்குத் தனியாகப் போகாது. அம்மா போவாள், அத்தை போவாள், சித்தப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். கைக்குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அதுவும் கூடவே போகும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூங்கொத்தோடு வருவார்கள். வரவில்லையென்றால் மனஸ்தாபம் என்று அர்த்தம்.

என் மகள் அகுந்தாவுக்கு ஏழு வயது. முதல் மணி அடிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடைசி வகுப்புப் பையனின் தோளில் உட்கார்ந்து, மணியை ஆட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வர வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் கரண்டியால் டம்ளரைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். காது வலிக்கிறது என்று ஒரு நாள் நான் கரண்டியைப் பிடுங்கி வைத்தேன். அவளும் என் மனைவி லரீஸாவும் லரீஸாவின் தங்கையும் போனார்கள். ஒரு லாரியை அனுப்பிவிட்டு வருகிறேன் என்றேன். மூட்டையை இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

ஆயுதக்காரர்கள் யார், என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். அவர்கள் அங்கேயே செத்தார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு முடிந்துவிட்டது.

நகராட்சிக் கட்டடத்தில் கட்டுப்பாட்டு அறை வைத்தார்கள். அதற்குப் பொறுப்பாக மாஸ்கோவிலிருந்து கென்னாதி அர்க்காதியேவிச் சுரோவ்ஸெவ் வந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மென்மையாகப் பேசுகிற மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். முதல் நாள் மத்தியானம், உள்ளே நூற்று முப்பது பேர் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். நாங்கள் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டோம். என் பக்கத்தில் ஃபரீஸா அக்கா நின்றிருந்தார். பள்ளிச் சமையல்காரர். அன்று மாவு வாங்கக் கடைக்குப் போனதால் வெளியே மாட்டிக்கொண்டவர். நாங்கள் இருவரும் தடுப்பைத் தாண்டி, காவலரிடம் கெஞ்சி, அந்த அறை வரைக்கும் போய்விட்டோம்.

"எங்க வீட்ல இருந்து மட்டும் அஞ்சு பேரு உள்ள இருக்காங்கய்யா," என்றார் அக்கா. "என் வீட்டுக்காரரு, ரெண்டு பசங்க, நாத்தனாரு, அவ கைக்கொழந்த."

"கொழந்த பேரு பட்டியல்ல இருக்காம்மா?" என்று சுரோவ்ஸெவ் கேட்டார்.

"பால் குடிக்கிற புள்ள எந்தப் பட்டியல்லய்யா இருக்கும்?"

நான் சொன்னேன்: "ஐயா, கொறஞ்சது எழுநூறு பேராவது இருப்பாங்க."

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"எண்ணுனீங்களா?"

"எண்ணலங்க. ஆனா எங்க ஊர்ல இந்த நாளுக்கு எப்படிப் போவாங்கன்னு..."

"இது சரிபார்க்காத தகவல். நூத்தி முப்பதுன்னு அறிவிச்சாச்சு. அறிவிச்ச எண்ண மாத்திக்கிட்டே இருந்தா ஜனங்க நம்மள நம்ப மாட்டாங்க. வெளிய டீ குடுக்கறாங்க, போய்க் குடிங்க. நாள் பூரா நிக்கணும்ல."

அவர் சொன்னபடி டீ கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், தண்ணீரை மட்டும் உள்ளே விட ஆயுதக்காரர்கள் சம்மதித்தார்கள். நூற்று முப்பது பேருக்கான தண்ணீர் போனது. கணக்காகப் போட்டு அனுப்பினார்கள், ஒரு கேன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கேன்கள் வாசல் பக்கம் வந்தன. முதல் வகுப்புப் பிள்ளைகளை எதிர்ச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு கேனின் மூடி மட்டும் வந்து சேர்ந்ததாம். அகுந்தா அந்த மூடியை நக்கினாள் என்று லரீஸா சொன்னாள். அன்று சாயங்காலம் வெக்கையிலேயே அகுந்தாவின் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் கூரை பற்றிக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தபோது நூற்று முப்பது பேருக்கான ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. அவை நிரம்பிப் போய்விட்டன. ஃபரீஸா அக்காவின் மூத்த மகன் உயிரோடுதான் வெளியே வந்தான். புல்தரையில் நாற்பது நிமிஷம் கிடந்தான். அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வண்டிகளையெல்லாம் கை நீட்டி நிறுத்தப் பார்த்தார். அந்த ஐந்து பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு லரீஸாவிடம் நான் அடிக்கடி கேட்பேன், அந்த மூடி எத்தனை பேர் கை மாறி வந்தது, அகுந்தா எத்தனையாவது ஆள் என்று. முதலில் பதில் சொன்னாள். பிறகு அழுதாள். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வோல்கா பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. யார் மேலும் குற்றமில்லை, ஆனால் பாடங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. அந்தப் பாடங்களை எழுதும் வேலையைச் சுரோவ்ஸெவிடமே கொடுத்தார்கள். நீல அட்டை போட்ட கையேடு அது. எல்லாப் பள்ளிக்கும் ஒரு பிரதி வரும். ஆலை மூடிய பிறகு புதிய பள்ளிக் கட்டடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கட்டடப் பராமரிப்பும், பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாதுகாப்புப் பாடமும். அந்தக் கையேட்டிலிருந்துதான் பாடம் நடத்த வேண்டும். எனக்கு அது மனப்பாடம். எங்கே திறந்து கேட்டாலும் சொல்லுவேன். நான்காம் அத்தியாயம்: அறிவித்த எண்ணைச் சரிபார்க்காத தகவலின் பேரில் மாற்றக் கூடாது. ஆறாம் அத்தியாயம்: உள்ளிருந்து வரும் குரலை நம்பி முடிவெடுக்கக் கூடாது, மிரட்டலின் பேரில் பேச வைத்திருக்கலாம். ஒன்பதாம் அத்தியாயத்தின் பெயர் 'தவிர்க்க முடியாத இழப்பு.' அதில் எங்கள் ஊர் ஒரு வரைபடமாக வருகிறது. விளையாட்டுக் கூடத்தின் எதிர்ச் சுவரோரம் பதினொரு புள்ளிகள். எந்தப் புள்ளி என் மகள் என்று அதில் போடவில்லை.

அவர் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி நடத்துவார். எங்கள் ஊருக்கு இந்த வருஷத்துக்கு முன்னால் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த மார்ச்சில் மூன்றாவது தடவையாக, மகளிர் தினத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வட்டாரத் தலைமையாசிரியர்கள் எல்லோருக்கும் ஒத்திகை நடத்த வந்தார். இப்போது அறுபத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம். சிரிக்கச் சிரிக்கப் பேசினார்.

"ஒத்திகையில பிணைக்கைதியா நான்தான் உக்காருவேன்," என்றார் அவர்களிடம். "போன் கூட வெளிய வெச்சிட்டுப் போயிடுவேன். நீங்க மேல உக்காந்து ஒரு மணி நேரத்துல என்ன மீட்கணும். மீட்காம விட்டுட்டீங்கன்னா வருத்தப்படாதீங்க, என் பொண்டாட்டி உங்களுக்கு மாலை போடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை உட்கார வைக்க வேண்டிய இடம் பள்ளிக்கு அடியில் இருக்கிற பழைய பதுங்கறை. அந்தக் காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டியது, புதிய கட்டடத்தை அதன் மேல்தான் எழுப்பினார்கள். இரும்புக் கதவு, அதைப் பூட்ட வெளியே ஒரு சக்கரம். உள்ளே ஒரு திருப்பம் தாண்டினால் ஆட்கள் உட்காரும் அறை. மூன்று நாள் விடுமுறை வருகிறது, செவ்வாய்க்கிழமை வரை கட்டடத்துக்குள் யாரும் வர மாட்டார்கள். அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பு எனக்கு. நான் திட்டம் போட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். அவர் மூடியை நக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒத்திகைக்கு முன்னால் விருந்து. தட்டச்சு அம்மாவுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட வட்ட ரொட்டி மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்போம். செத்தவர்களுக்கு இரண்டு. புதிய பள்ளியிலும் ஃபரீஸா அக்காதான் சமையல், அவர் மூன்று சுட்டுத் தந்தார். நான் போகிற வழியில் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டை மேசைக்குக் கொண்டுபோனேன். சுரோவ்ஸெவுக்கு அந்த வழக்கம் தெரியாது. தலைமையாசிரியர்கள் கவனித்தார்கள், ஆனால் விருந்தாளி முன்னால் வாய் திறக்கவில்லை. அவர் தன் சாவு விருந்தைத் தானே ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு மனதுக்கு இதமாக இருந்தது. பதினேழு வருஷத்தில் அப்படி இருந்ததில்லை.

அக்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டார். என்னைச் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மூணாவது எங்கடா?"

"கீழ விழுந்துடுச்சுக்கா."

"ரொட்டி விழும். அதுக்கு வெச்ச தட்டுமா காணாமப் போகும்?"

நான் வெளியே இருந்த அலமாரிப் பக்கம் பார்த்தேன்.

"உசுரோட இருக்கற மனுசன் முன்னாடி ரெண்டு வெச்சிருக்க. அது யாருக்கு வெக்கறதுன்னு ஒனக்குத் தெரியாதா? என் புருசனுக்கும் புள்ளைங்களுக்கும் இந்தக் கையாலதான் வெச்சேன்."

"அந்த ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"ஒன்னவிட நல்லாத் தெரியும். மொத தடவ வந்தப்பவே தெரியும். அவனுக்குக் கணக்குத் தீக்க மேல ஒருத்தர் இருக்காரு, அது அவர் பாடு. என் அடுப்புலருந்து போறது மூணாத்தான் போகும். என் சமையக்கட்டுல சாவு விருந்து வெக்க நீ யாருடா?"

"விடுக்கா. ஆறிப்போன விஷயம்."

"ஆறிப்போச்சா? ஒன் மூஞ்சியப் பாத்தா ஆறுன மாதிரி தெரியல. அலமாரியில ஒளிச்சு வெச்சத நான் விருந்தாளிக்குக் குடுக்க மாட்டேன். புதுசா சுட்டுக் குடுக்கறேன். மூணும் சாப்ட்டான்னாதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். நீ போ, மூஞ்சியக் கழுவு."

அவர் மாவை எடுத்துக் கொட்டினார். நான் போய் முகம் கழுவினேன்.

மூன்று மணிக்குச் சுரோவ்ஸெவைக் கீழே அழைத்துப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தி வைத்தேன், பூட்டவில்லை. மேலே தலைமையாசிரியர்கள் பலகையில் அம்புக்குறி போட்டு, ஆளுக்கு ஆள் போனில் பேசுவதுபோல் நடித்து, பிணைக்கைதியை மீட்டார்கள். 'மீட்கப்பட்டவர்: ஒருவர்' என்று பலகையில் எழுதிக் கைதட்டினார்கள். அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பின்வாசல் வழியாகக் காரில் ஏறிவிட்டார் என்று நான் சொன்னேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். மகளிர் தினத்துக்கு வாங்கிய மஞ்சள் பூங்கொத்துகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவருடைய போனிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: மலைக்குப் போகிறேன், மூன்று நாள் சிக்னல் கிடைக்காது.

நான்கு மணிக்குக் கீழே போனேன். கதவை இழுத்துச் சக்கரத்தைத் திருகினேன். திருப்பத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? நான் ஒருவரை உட்கார வைத்தேன், உள்ளே ஒருவர்தான் இருக்க முடியும். படிக்கட்டில் சூடான பாலாடைக்கட்டி வாசம் வந்தது. மூன்றாம் படியில் கொஞ்சம் மாவு சிந்தியிருந்தது. மறுநாள் துடைத்தேன்.

விருந்தாளியைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், இதை நீங்கள் யோசிக்கவில்லையா என்று கேட்டீர்கள். இந்த ஊரில் பிறந்தவன் ஐயா நான். வழக்கம் எனக்குத் தெரியும். தெரிவது வேறு, சரிபார்ப்பது வேறு.

அதற்குப் பிறகு நான் கையேட்டின்படிதான் நடந்தேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அது உங்கள் மேசையில் இருக்கிறது. முதல் நாள் தொடர்புகொள்ள அவசரப்படக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை படிக்கட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கனமாக மூன்று, பிறகு வேகமாக ஐந்தாறு. இரண்டு விதமான தட்டல் என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'தட்டல்' என்று மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் காற்றுக் குழாய் வழியாகக் குரல் வந்தது.

"தோத்ராஸ், நான்தான்டா. ஃபரீஸா. கதவத் தெறப்பா. இவருக்கு நெஞ்சு படபடங்குது."

'பதினொன்று இருபது. சரிபார்க்காத தகவல்' என்று எழுதினேன். குழாய் வழியாக வருகிற குரல் மாறித்தான் கேட்கும். சுரோவ்ஸெவ் எங்கள் மொழியில் பேசியது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் மூன்று தடவை எங்கள் ஊருக்கு வந்தவர், நான்கு வார்த்தை கற்றுக்கொண்டிருக்க மாட்டாரா?

சமையலறைக்குப் போய் டீ போட்டேன். ஆணியில் அக்காவின் கோட்டு தொங்கியது. தண்ணீர்ச் சொம்பும் ரொட்டித் தட்டுகளில் ஒன்றும் வைத்த இடத்தில் இல்லை. கோட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். மார்ச் மாதம், வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, ஃபரீஸா அக்காவப் பாத்தீங்களா? ரெண்டு நாளா வெளக்கு எரியல. கோழிங்கல்லாம் கத்திக்கிட்டுக் கெடக்கு."

"சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கும்மா. லீவுல்ல."

"அதுக்கு ஏதுண்ணே சொந்தம்? நம்மள விட்டா யாரு இருக்கா?"

"கோழிக்குத் தீனி போட்டுடும்மா," என்றேன்.

அன்று மத்தியானம் குழாயில் குரல் மெதுவாகத்தான் வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"தண்ணி தீந்துடுச்சுப்பா. அவருக்குக் குடுத்துட்டேன். வயசானவரு, நம்ம வீட்டு விருந்தாளி, வேற என்ன பண்ணட்டும்? சால்வையும் அவருக்குத்தான் போத்தியிருக்கேன். நீ மேலதான் உக்காந்திருக்கன்னு எனக்குத் தெரியும். இருமுறியே, கேக்குது. அகுந்தா பேரச் சொல்லிக் கேக்கறேன்டா தம்பி. தெற."

என் மகள் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இழப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. படித்திருப்பார். ஆறாம் அத்தியாயத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். உள்ளிருந்து வரும் குரலை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அறுபத்தொரு மணி நேரம் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முடிந்தது. எங்கள் பள்ளியில் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம். ஒரு நிமிஷம் கூட அதிகம் வைக்கவில்லை. கதவைத் திறக்கும் முன்னால் மருத்துவ உதவிக்குச் சொல்ல வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. சொன்னேன்.

"எத்தன பேருங்க?" என்று போனில் கேட்டார்கள்.

"ஒருத்தர்," என்றேன்.

சக்கரத்தைத் திருகித் திறந்தேன். சுரோவ்ஸெவ் பெஞ்சில் படுத்திருந்தார், கழுத்து வரை கம்பளிச் சால்வை. மூச்சு இருந்தது. தலைமாட்டில் சொம்பு காலியாக இருந்தது. ரொட்டித் தட்டில் எட்டுத் துண்டில் ஒன்று மிச்சம் இருந்தது. தரையில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு வண்டி வந்தது, ஒரு படுக்கையோடு. மருத்துவப் பெண் உள்ளே ஓடினாள். நான் பெஞ்சைக் காட்டினேன், மாஸ்கோவிலிருந்து வந்தவர், பெரிய அதிகாரி என்று சொன்னேன். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"ரெண்டு பேரு இருக்காங்கய்யா. ஒருத்தர்னு ஏன்யா சொன்னீங்க?"

இன்னொரு வண்டிக்கு அவள்தான் போன் செய்தாள். விடுமுறை நாள், பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். என் கையிலும் போன் இருந்தது. மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஒரு காரையாவது நிறுத்தியிருக்கலாம், என் காரே வாசலில் நின்றது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஒரு எண்ணை அறிவித்துவிட்டேன், ஐயா.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். கீழிருந்து குரல் வந்தது. இந்தத் தடவை குழாய் வழியாக இல்லை, பக்கத்திலிருந்தே வந்தது.

"தோத்ராஸ், ரெண்டு பேருன்னு சொல்லுப்பா. போன்ல சொல்லு. ரெண்டு பேருன்னு."

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது வண்டி வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பதை நோட்டில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம். வண்டி வந்தபோது அவர்கள் அவசரப்படவில்லை.

நேற்று நீங்கள் சுரோவ்ஸெவின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றீர்கள். "உள்ளே நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அந்த அம்மா எனக்கு ரொட்டி கொண்டுவந்தார். தண்ணீர் முழுவதையும் எனக்கே கொடுத்தார். பெயர் ஃபரீஸா. இரண்டு பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள்." அதைச் சொல்லும்போது அழுதார் என்றும் சொன்னீர்கள்.

ஐயா, நீங்கள் படித்தவர். அந்த ஆள் சொல்கிற எண்ணையா நம்புகிறீர்கள்? ஒரு கூடம் நிறைய ஆட்களை எண்ணத் தெரியாதவர் அவர். அவரால் என் மகள் செத்தாள். அவரால் ஃபரீஸா அக்காவின் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். அந்த அக்காவுக்காகவும் சேர்த்துத்தான் நான் இதைச் செய்தேன். அக்கா இருந்திருந்தால் உங்களிடம் அதைச் சொல்லியிருப்பார்.

தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான்காம் வரியில் 'உள்ளே இருந்தவர்கள் இருவர்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'ஒருவர்' என்று எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.